வேற எங்க போய்க் காட்டறது

லூர்து செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறான். இடதில் வலது, வலதில் இடது. குனிந்து கழற்றி மாட்டிவிட்டால் முடிந்தது, ஆனால் நான் வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூன்று வயதுக் கால், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அந்தக் குழந்தைக்கும் இவ்வளவுதான் இருக்கும், அதன் காலில் செருப்பு இருந்ததா இல்லையா, சட்டை மஞ்சள், அது தெரியும், தலையில் இரண்டு குடுமி, அது தெரியும், கால் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. "என்னங்க, இன்னும் கிளம்பலையா?" உள்ளிருந்து ரெஜினாவின் குரல். "வெயில் தாழ்ந்துடுச்சு. காலையிலேர்ந்து ரயிலு ரயிலுன்னு உசுர எடுக்குதுங்க. ரயில் ஓட்டறவரு வீட்டுப் புள்ளைங்க ரயில் பாக்காம அழுவுதுன்னா ஊரே சிரிக்கும்." அவளும் சிரிக்கிறாள், ஆனால் கதவோரமாக நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சிரிக்கிறாள். காய்ச்சல் என்று லீவு போட்டிருக்கிறேன். காய்ச்சல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் அவள்தானே. கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன், ஒன்றும் ஆகவில்லை என்பேன், அதுதான் உண்மையும், ஒன்றுமே ஆகவில்லை. ஜெசிந்தா அதற்குள் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயதுக்கு என்ன அதிகாரம். "அப்பா, நல்ல எடமா கூட்டிட்டுப் போ. கிட்டக்கப் பாக்கணும். ரொம்பக் கிட்டக்க." கிட்டக்க. குனிந்து செருப்பை மாற்றுகிறேன். லூர்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறான், வலிக்கிறது, வலிக்கட்டும், பிடித்துக்கொண்டே இரு.

முதலில் ரயில்வே கேட்டுக்குத்தான் போனேன், ஊரில் எல்லாரும் அங்கேதான் பிள்ளைகளுக்கு ரயில் காட்டுகிறார்கள். கேட் போட்டிருந்தது. ஒரு டவுன் பஸ், இரண்டு ஷேர் ஆட்டோ, நிறைய பைக்குகள், பைக் பெட்ரோல் டாங்கின் மேல் நின்றபடி குழந்தைகள், வேர்க்கடலை விற்கிறவன், எல்லாம் திருவிழாபோலத்தான் இருக்கிறது. லூர்து முன்னால் நின்று ஹேண்டில்பாரைத் தட்டித் தட்டி "எங்க, எங்க" என்கிறான். நான் கம்பத்தைப் பார்க்கிறேன். போட்ட கம்பத்துக்குக் கீழே குனிந்து ஒரு பெண் காய்கறிப் பையோடு போகிறாள், அவளுக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு ஒருவர், அப்புறம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவன், குழந்தையின் தலை கம்பத்தில் இடிக்காமல் கையை வைத்து மறைத்துக்கொள்கிறான், எவ்வளவு ஜாக்கிரதை, தலையில் இடிக்கக் கூடாது, அந்த ஜாக்கிரதையோடு தண்டவாளத்தின் நடுவில் போய் நிற்கிறான், நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறான், பார்த்தால் போதுமா, நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் கண்ணுக்குத் தெரியும்போது எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நினைக்கிறாய், வா, வந்து தொலை, இந்தப் பக்கம் வந்துவிடு. வந்துவிட்டான். எனக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. அன்றைக்கு இன்ஜினிலும் இப்படித்தான், கை ஈரமானது எனக்கு முதலில் தெரிந்தது, அப்புறம்தான் கண்ணுக்கு. வளைவு முடிந்து நேர்ப்பாதை, எதிர்ப்பாதையில் ஒரு சரக்கு வண்டி நீளமாக வந்துகொண்டிருக்கிறது, எங்கள் பாதையின் நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவன். அவன் தோளில் மஞ்சள் சட்டைக் குழந்தை. சரக்கு வண்டியைக் காட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்து சீட்டில் இருந்த இன்பசேகர், என் அசிஸ்டென்ட், சின்னப் பையன், "சார் சார் சார்" என்கிறான், நான் ஹாரனை அழுத்திக்கொண்டே எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டுவிட்டேன், போட்டால் வண்டி என்ன ஸ்கூட்டரா, இத்தனை பெட்டியும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது, ஹாரனோ சரக்கு வண்டிச் சத்தத்தோடு சேர்ந்து கரைந்துவிடுகிறது, அவன் திரும்பவே இல்லை. குழந்தைதான் திரும்பியது. குழந்தை எங்களைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டியது. அப்புறம் இன்ஜின் மூக்கு அவர்களை மறைத்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே, ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரியாது. மறைந்துவிட்டார்கள். மோதுகிற அந்தச் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். "அப்பா, பின்னாடி ஆளு ஹாரன் அடிக்கறாரு" என்று ஜெசிந்தா என் முதுகைத் தட்டுகிறாள். கேட் திறந்திருக்கிறது. வண்டி எப்போது போனது, போனதா, பிள்ளைகள் பார்த்தார்களா. "பஸ்ஸு மறைச்சிடுச்சு" என்கிறாள், "ஒன்னுமே தெரியல, இது நல்ல எடமே இல்ல."

இல்லைதான். சரி, கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானம். அங்கே ஏலகிரி மலையும் தெரியும், மலையை ஒட்டி வண்டி வளைந்து வருவது அழகாக இருக்கும், இன்ஜினிலிருந்து எத்தனை தடவை அந்த மைதானத்தைப் பார்த்திருக்கிறேன், அங்கிருந்து இன்ஜினைப் பார்த்ததில்லை. ஸ்கூட்டரை நிறுத்தியதுமே தப்பு என்று தெரிந்துவிட்டது. மைதானம் எங்கே முடிகிறது, ஜல்லி எங்கே ஆரம்பிக்கிறது, நடுவில் ஒரு சுவர் கிடையாது, வேலி கிடையாது, பார்த்தீனியச் செடிதான் வேலி. பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒருவன் தூக்கி அடிக்கிறான், பந்து பறந்து தண்டவாளத்தின் அந்தப் பக்கம் விழுகிறது, உடனே ஒருவன் ஓடுகிறான், பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு, "டேய்!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்தை எடுத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பி வருகிறவன், "இன்னா சார்? வண்டி வந்தா தெரியாதா எங்களுக்கு? தெனம் ஆடறோம்" என்கிறான். தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும், அந்த முதுகுக்கு. லூர்து என் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே இறங்கப் பார்க்கிறான், ஈரக் கை, வழுக்கத்தான் செய்யும், இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொள்கிறேன், "உடு, உடுப்பா" என்று உதைக்கிறான். அப்போது பார்த்துச் சட்டைப்பையில் போன். ஆபீஸிலிருந்து, டூட்டி போடுகிற கிளார்க். "ஸ்தனிஸ்லாஸ் சார், உடம்பு எப்படி இருக்கு? நாளைக்குக் காலைல வண்டி இருக்கு. வர்றீங்களா, இல்ல இன்னும் காய்ச்சலா?" காய்ச்சல் என்கிற சொல்லை அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னமாதிரி இருந்தது, அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ. "ராத்திரிக்குள்ள சொல்லிடறேன் சார்." "சொல்லுங்க சார், நான் வேற ஆளப் பாக்கணும்ல." அவர் மேல் தப்பில்லை. யார்மேலும் தப்பில்லை. ஆள் செத்திருந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, போலீஸ் வரும், எழுதிக் கேட்பார்கள், லீவு கொடுப்பார்கள், பெரிய டிரைவர்கள் தோளில் கை போட்டு டீ வாங்கித் தருவார்கள், நானே எத்தனை பேருக்கு வாங்கித் தந்திருக்கிறேன். ஆள் சாகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. "ஒன்னும் ஆகலையேப்பா, ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு வண்டிய எடு" என்று அன்றைக்கு எங்கள் லோகோ இன்ஸ்பெக்டர் அன்பாகத்தான் சொன்னார். எடுத்தேன். ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தேன். அதற்கப்புறம்தான் முடியவில்லை. ஒன்றும் ஆகாததற்கு என்னவென்று லீவு கேட்பது.

பிளாட்பாரம். அதைவிட்டால் என்ன இருக்கிறது. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறோம், எனக்குத் தேவையில்லை, ஆனால் யாரும் என்னைப் பார்த்து என்ன சார் லீவா என்று கேட்டுவிடக் கூடாது என்று தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியாள்போலப் போகிறேன். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம். சமோசா வாசனை, மசால் வடை வாசனை, "டீ டீ காபி" குரல், டிரங்குப் பெட்டி மேல் படுத்திருக்கிற பட்டாளத்துக்காரர், அவளுக்கு எல்லாமே ரயில்தான். "அப்பா, மஞ்சக் கோட்டுக்கிட்ட நிக்கலாமா?" "வேணாம்." "அந்த அக்கா நிக்கறாங்களே?" "வேணாம்னு சொன்னன்ல." குரல் உயர்ந்துவிட்டது. சுவரோரமாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நிறுத்திவைத்து இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்துக்கொள்கிறேன். நிற்காத வண்டி ஒன்று வருகிறது, முதலில் தண்டவாளம் முனகுகிறது, அப்புறம் காற்று, பிறகு மொத்தமாக அந்த இரைச்சல், காகிதக் கப்புகள் எல்லாம் எழுந்து ஓடுகின்றன, மஞ்சள் கோட்டில் நின்ற பெண்ணின் துப்பட்டா வண்டிப் பக்கமாக இழுபடுகிறது, இழுபடுகிறது, நான் பிள்ளைகளைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு என் முதுகை வண்டிக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவனும் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றான். வண்டி போய்விட்டது. ஜெசிந்தாவின் முகம் என் சட்டைக்குள் இருக்கிறது. "அப்பா, கை வலிக்குது." விட்டேன். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருக்கின்றன, மெதுவாகச் சிவப்பாகின்றன. அவள் அழவில்லை, அழுதிருந்தால் பரவாயில்லை. "உன் சட்டையத்தான் பாத்தேன், ரயில் பாக்கல" என்று மட்டும் சொன்னாள். இவள் பெரியவளானதும் இதைத்தான் ஞாபகம் வைத்திருப்பாளா, ரயில் என்றால் அப்பா கையைப் பிடித்து நெரிப்பார் என்று.

வீட்டுக்குப் போய்விடலாம். போகலாம் என்றுதான் ஸ்கூட்டரை எடுத்தேன், லூர்து வாயைக் கோணிக்கொண்டு "ரயிலு" என்று ஒரே ஒரு தடவை சொன்னான், அடம் பிடிக்கவில்லை, கெஞ்சவில்லை, ஏதோ தொலைந்துபோனதைப் பற்றிச் சொல்வதுபோல. அன்றைக்கு வண்டி ஒருவழியாக நின்றதும் இன்பசேகர் குதித்துப் பின்னால் ஓடினான், நான் இன்ஜினை விட்டு இறங்கக் கூடாது, உட்கார்ந்திருந்தேன், காதில் இன்னும் அந்தச் சத்தம் வரவில்லை, ஒருவேளை வந்து எனக்குத்தான் கேட்கவில்லையோ. கொஞ்ச நேரம் கழித்து ஜல்லியில் காலடி. "சார், உசுரோட இருக்காங்க சார், ரெண்டு பேரும்." கதவைத் திறந்து கீழே பார்த்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம், தலையெல்லாம் முள், கடைசி நொடியில் பக்கத்துச் சரிவில் உருண்டிருக்கிறான். இடுப்பில் குழந்தை. அடிக்க வேண்டும் என்றுதான் வந்தது எனக்கு, திட்ட வேண்டும் என்று. அவன் என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்: "பாப்பாவுக்கு ரயில் காட்டலாம்னு வந்தேன் சார். வேற எங்க சார் போய்க் காட்டறது?" சாக்குச் சொல்கிறவன் குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டான், உனக்குத் தெரிந்திருக்குமே என்பதுபோல. எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் ஓட்டுகிறேன், இரண்டு பக்கமும் ஊர் ஊராகப் போகிறது, எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, நிற்கக் கூடாது என்று மட்டும்தான் யோசித்திருக்கிறேன். அந்தக் குழந்தையோ இன்ஜினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, விளக்கு, சக்கரம், ஏணி, ஒவ்வொன்றாக, அவ்வளவு பக்கத்தில் அது பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

பழைய நடைமேம்பாலத்தை நான் தேடிப் போகவில்லை. சந்தைத் தெருவில் தண்ணி லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது, அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன், ஜெசிந்தாதான் "அங்க ஆளுங்க நிக்கறாங்க பாரு" என்று மேலே காட்டினாள். படிக்கட்டு அகலமாக இருந்தது. படியைப் பார்த்தேன், கைப்பிடியைப் பார்த்தேன். மேலே போனதும் முதல் வேலையாகக் கம்பி வலையைப் பிடித்து உலுக்கினேன், ஓரிடத்தில் இல்லை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, இரண்டு பக்கமும், போகிற வருகிறவர்கள் என்ன நினைத்தால் என்ன. என் தலைக்கு மேலே ஒரு கை உயரம் இருக்கிறது. வலையின் கண்ணில் லூர்துவின் கையை வைத்துப் பார்த்தேன், முஷ்டி நுழையவில்லை, விரல்தான் நுழைந்தது. ஏறி நிற்க ஒரு திட்டு, ஒரு குழாய் இருக்கிறதா என்று காலால் தடவிக்கொண்டே போனேன், இல்லை. தரையில் விரிசல் இல்லை. இருந்தும் ஏதாவது இருக்கும், நான் பார்க்காதது ஏதாவது. "நல்லா கெட்டியா இருக்குண்ணா, பயப்படாதீங்க" என்றது ஒரு குரல். பர்தா போட்ட சின்ன வயசுப் பெண், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் டிபன் டப்பா, ரசச் சோறு, வலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன், கன்னமெல்லாம் பருக்கை. "தெனம் இங்கதான்ணா நாங்க. வூட்ல ஒரு வாய் வாங்க மாட்டான். ரயில் வந்தா ஆன்னு வாயத் தொறப்பான்ல, அப்ப வெச்சிடுவேன். நாலஞ்சு வண்டி போச்சுன்னா டப்பா காலி." ஜெசிந்தாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்கப்பாதான் ரயிலு ஓட்டறாரு!" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கையிலிருந்த உருண்டையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அல்லா! அப்ப நீங்கதானாண்ணா எங்க ஷாகிருக்குச் சோறு ஊட்டறது!" சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பாலத்துக்குக் கீழே எத்தனை தடவை போயிருப்பேன், மேலே ஒரு டப்பா ரசச் சோறு காலியாகிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது.

சிக்னல் விழுந்துவிட்டது. நான் அதைத்தான் முதலில் பார்க்கிறேன், பழக்கம், பச்சை, கிழக்கேயிருந்து வருகிறது, எக்ஸ்பிரஸ்தான், நான் ஓட்டுகிற அதே வண்டி, இப்போது யார் வருகிறார்களோ. தூரத்தில் விளக்குப் புள்ளி. "வருது வருது" என்று லூர்து வலையில் முகத்தை வைத்து அழுத்துகிறான், மூக்கு நசுங்குகிறது. நான் அவர்களுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொள்கிறேன். மேலே இருந்து பார்த்தால் இன்ஜின் இப்படியா இருக்கிறது, இவ்வளவு அகலமா, மெதுவாக வருவதுபோல வருகிறது, அப்புறம் திடீரென்று மெதுவாக இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலை, முகம் தெரியவில்லை, வெள்ளைச் சட்டை, ஹாரன், பாலம் முழுக்க அதிர்கிறது, பாதம் வழியாக முழங்கால் வழியாக ஏறுகிறது, வண்டி எங்கள் காலுக்குக் கீழே நுழைகிறது, மறைகிறது, இன்ஜின் மறைந்துவிட்டது, நான் கண்ணை மூடிக்கொண்டேன், காத்திருக்கிறேன், எதற்கு, அந்தச் சத்தத்துக்கு, அன்றிலிருந்து வராமலே இருக்கிற அதற்கு. கைக்கு நடுவில் பிள்ளைகள் இல்லை. கண்ணைத் திறந்தால் இரண்டு பேரும் இல்லை. "அப்பா! அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் வா!" என் கைக்குக் கீழே நுழைந்து பாலத்தின் குறுக்கே ஓடுகிறார்கள், ஜெசிந்தா முன்னால், லூர்து பின்னால், ஷாகிர்கூட வாயில் சோற்றோடு ஓடுகிறான், அந்தப் பக்கத்து வலைக்கு. எனக்கு ஓட வரவில்லை ஒரு கணம். அப்புறம் ஓடினேன். நான்கு எட்டுத்தான் இருக்கும், ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் "வந்துடுச்சு!" என்று லூர்து கத்துகிறான், அந்தப் பக்கம் இன்ஜின் வெளியே வந்து போய்க்கொண்டே இருக்கிறது, பின்னாலேயே பெட்டி, பெட்டி, பெட்டி, ஜன்னலில் கை, படியில் உட்கார்ந்து பழம் தின்கிற ஆள், கடைசிப் பெட்டியில் கொடியோடு கார்டு, எல்லாம் முழுசாக, ஒன்று விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் தண்டவாளம் மட்டும். தண்டவாளத்தில் ஒன்றுமில்லை. நான் குனிந்து, வலையில் நெற்றியை வைத்து, நன்றாகப் பார்த்தேன். ஜல்லி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், புறா ஒன்று வந்து உட்கார்ந்தது. "அண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டபோதுதான் என் முகம் ஈரமாக இருப்பது எனக்குத் தெரிந்தது. வாங்கிக் குடித்தேன். "முடியலையாண்ணா?" "இல்லம்மா, ஒன்னும் இல்ல" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. "கொஞ்ச நாளா முடியல" என்றேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் சொல்கிறேன், பெயர் தெரியாத ஒருத்தியிடம். அவள் தலையை ஆட்டிவிட்டு டப்பாவை மூடாமல் வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தாள். ரெஜினாவிடமும் சொல்ல வேண்டும். இன்றைக்கே, பிள்ளைகள் தூங்கியதும், அந்த மஞ்சள் சட்டையிலிருந்து ஆரம்பித்து.

ஜெசிந்தா என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "நாளைக்கு நீ இந்தப் பாலத்துக்கு அடியில போவியா?" போவேனா. கை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. பயம் போகவில்லை, போனமாதிரி நான் நடிக்கவும் வேண்டாம், பயத்தோடு ஓட்டுகிறவன் கொஞ்சம் முன்னாலேயே ஹாரன் அடிப்பான், அவ்வளவுதானே. "போவேன்." "அப்ப நாங்க அம்மாவோட இங்க வந்து நிக்கட்டுமா?" "இங்க நில்லுங்க. இங்க மட்டுந்தான். கேட்டுக்குப் போகக் கூடாது, மைதானத்துக்குப் போகக் கூடாது. இந்த வலைக்கு இந்தப் பக்கம்." "சரி. நாங்க கைய ஆட்டறோம், நீயும் ஆட்டணும்." அதைத்தான் எப்படிச் சொல்வது. மண்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். "பாப்பா, நான் மேல பாக்க மாட்டேன். பாக்கக் கூடாது. தண்டவாளத்த மட்டுந்தான் பாத்துட்டே இருக்கணும். நீங்க ஆட்டறது எனக்குத் தெரியாது, நான் திருப்பி ஆட்டவும் மாட்டேன். கோவிச்சுக்கக் கூடாது." அவள் யோசித்தாள். கீழே தண்டவாளத்தைப் பார்த்தாள், அது போகிற தூரம்வரை பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவப்பு இன்னும் லேசாக இருந்தது, அந்தக் கையாலேயே என் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நீ பாக்க வேணாம்ப்பா," என்றாள். "நாங்க பாத்துக்கறோம்."